ஜன்னல் பக்கம் நீங்களே இரிங்க

இல்ல இல்ல ராத்தா, எழும்ப வேணாம். ஜன்னல் பக்கம் நீங்களே இரிங்க. நல்ல காத்து வருது, என்னத்துக்கு எழும்புறீங்க? மகள் நடுவுல இரிக்கட்டும், நான் இந்த ஓரத்துல இரிந்துக்கிறன். ஓம், அவ உங்களத் தாண்டி எட்டி எட்டித்தான் வெளிய பாக்குறா, எனக்குத் தெரியிது. பாக்கட்டும். உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி எங்களுக்கும் கரைச்சல் இல்ல. அந்தப் பைய மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சிட்டு இரிக்கிறீங்களே, கீழ வெச்சா என்ன? ஓ, முட்டையா. அப்ப மடியிலயே இரிக்கட்டும். இந்த ரோட்டுல கீழ வெச்சா புத்தளம் போறதுக்குள்ள ஆம்லட்டாப் போயிரும்.

பஸ்ஸுல பாட்டு இல்லாதது உங்களுக்கு அதிசயமா இரிக்கும். நான்தான் ஏறக்குள்ளயே கண்டக்டர் தம்பிட்ட சொன்னன், தம்பி, கொஞ்சம் பாட்ட நிப்பாட்டி வைங்க, இந்தப் புள்ளைக்குச் சத்தம் ஒத்துவராது எண்டு. நல்ல புள்ள, மூஞ்சியச் சுருக்காம நிப்பாட்டிட்டார். இப்ப முழு பஸ்ஸுலயும் கேக்குற ஒரே பாட்டு என்ட பாட்டுத்தான்! எங்கட கண்டக்குழியில வந்து றிஸ்னா எண்டு கேட்டா எந்த றிஸ்னா எண்டு திருப்பிக் கேப்பாங்க. ரேடியோ றிஸ்னா எண்டு கேளுங்க, கையப் புடிச்சு வாசல்ல கொண்டாந்து உடுவாங்க. என்ட மாப்புள ரிஷாத், கடல் தொழில். அந்த மனிசன் கடலுக்குப் போறதே காதுக்கு ஓய்வு குடுக்கத்தான் எண்டு அவர்ட கூட்டாளிமார் சொல்ற. சொல்லட்டும். கரைக்கு வந்த உடன முதல்ல என்னத்தத் தேடுறார்? இந்த ரேடியோவத்தான்.

இவ பஹ்மா. ஆறு வயசு. நீங்க பேர் கேட்டதுக்கு அவ திரும்பியும் பாக்கல்ல எண்டு மனசுல வெக்காதீங்க. கேட்டிச்சி. அவக்கு எல்லாம் கேக்கும், நமக்குக் கேக்காததும் கேக்கும். வெக்கமா? வெக்கம் எங்க ராத்தா, அது எங்கட பரம்பரையிலயே இல்லியே. ஊமையும் இல்ல. ஓட்டிசம் எண்டு சொல்ற. கேள்விப்பட்டிருப்பீங்க. தொத்தாது, நீங்க முட்டைப் பைய இழுத்துப் புடிக்கத் தேவையில்ல. சும்மா பகிடிக்குச் சொன்னன்! புள்ள பொறக்கக்குள்ளயே மூளை வேற மாதிரி அமைஞ்சி வந்திரிக்கி, அவ்வளவுதான். நமக்குச் சின்னச் சத்தம் அவக்கு வெடிச் சத்தம். நாம பாக்காமப் போற சாமான் அவக்குப் பெரிய சங்கதி. சுத்துற சாமான் எண்டா உசிரு. ஃபேன், சைக்கிள் சில்லு, தையல் மெசின் சில்லு, எல்லாம். பக்கத்து ஊட்டு ராத்தா என்னத்தத் தைக்கிறா எண்டு அவ பாக்கிறதில்ல, சில்லு சுத்துதா எண்டு மட்டும் பாப்பா. வாய்க் கதைதான் இன்னும் வரல்ல.

அய்யோ, ஒண்டும் செய்யாமலா இரிந்தம்? செய்யாத வேலை இல்ல. கிளி கொத்தின கொய்யாப்பழம் குடுத்தா நாக்குப் பெரளும் எண்டு ஆரோ ரிஷாத்ட காதுல ஓதிட்டாங்க. மனிசன் என்ன செஞ்சார் தெரியுமா? எத்தாளையில ஒரு கொய்யாத் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில குந்திக்கொண்டு கிளி வருமட்டும் காவல். தோட்டக்காரர் கள்ளன் எண்டு வெரட்டியிரிக்கார். இவர் ஓடிக்கொண்டே, நான் பழத்துக்கு வரல்ல, கிளிக்கு வந்தன் எண்டு சொல்லியிரிக்கார். கிளிக் கள்ளன் எண்டு அந்தாள் இன்னும் வெரசா வெரட்டியிரிக்கார். கடைசியில ஒரு பழம் கொண்டாந்தார். கொத்தினது கிளியோ வௌவாலோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நான் கழுவின கழுவலுல பழத்துல தோலே மிச்சமில்ல. மகள் மோந்து பாத்திட்டுத் தூக்கி எறிஞ்சா. அதக் கோழி திண்டிச்சி. அந்தக் கோழி அண்டையில இரிந்து வாய் மூடினதே இல்ல ராத்தா!

தண்ணி ஓதிக் குடிக்கக் குடுத்தம். பக்கத்து ஊட்டு றோசமேரி அக்கா தலவில கோயில் அன்னம்மாவுக்கு நேத்தி வெச்சா, நல்ல மனசோட வெக்கக்குள்ள நான் வேணாமெண்டு சொல்லுவனா? ஒருத்தன் ஃபோன்ல ஒரு போத்தல் மருந்து காட்டினான், குடிச்சா ஓட்டிசமே இல்லாமப் போயிருமாம். நல்ல காலம், அத வாங்க முந்தி நான் ஷானிகா மிஸ்ட கேட்டன். மிஸ் ஆரெண்டா, புத்தளம் ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிறவ. சிலாபத்துப் புள்ள, தமிழும் சிங்களமும் கலந்து கட்டி அடிப்பா. இப்பயும் அவட்டத்தான் போறம். மிஸ் சொன்னா, துஆ கேளுங்க, அது உங்கட மனசுக்குப் பலம். ஆனா புள்ளைக்கிட்ட செய்யிற வேலை எண்டா, எத்தினையோ புள்ளைகளோட செஞ்சு பாத்து, சரிவந்தது எது, சரிவராதது எது எண்டு பிரிச்சு எடுத்த வேலையா இரிக்கணும். போத்தல்காரன் அப்பிடி ஒண்டும் செஞ்சு பாக்கல்ல எண்டு. ரிஷாத்துக்கு அந்தக் கதை உடன புடிச்சிப் போச்சி. கரையில போட்டக் கட்டாம துஆ மட்டும் கேட்டா, போட் இந்தியாவுக்குப் போயிரும் எண்டார்.

ஆனா ஒரு கதை எனக்குக் குத்திச்சி ராத்தா. ஊருல ஒரு மனிசி, பேர் வேணாம், எல்லாரும் கூடியிருந்த இடத்துல சொன்னா: றிஸ்னா ரெண்டு பேர்ட கதையயும் தானே கதைச்சு முடிச்சிட்டா, புள்ளைக்கு என்ன மிச்சம்? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன், என்ட சிரிப்புத்தான் பெரிசு. ஊட்டுக்கு வந்து குசினிக் கதவச் சாத்திட்டு அழுதன் பாருங்க, அரிசி ஊறப் போட்டதும் மறந்து போச்சி. உண்மையா இரிக்குமோ எண்டு பயம். என்ட வாய்தான் என்ட புள்ளட வாயத் திண்டிட்டுதோ எண்டு.

மிஸ்ட கேட்டன். வெக்கத்த விட்டுக் கேட்டன். மிஸ் என்ட கையப் புடிச்சி, இல்லவே இல்ல எண்டா. தாய் கதைக்கிறதால வாறது இல்ல, ஃபோன் பாத்ததால வாறது இல்ல, பாவத்தால வாறதும் இல்ல, ஒரு தாயும் இதக் குடுக்க ஏலாது, எடுக்கவும் ஏலாது எண்டா. அல்ஹம்துலில்லாஹ்! ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு ஐஸ்கிறீம் வாங்கித் திண்டன் ராத்தா, மகளுக்கு ஒண்டு, எனக்கு ரெண்டு. ஆனா மிஸ் அதுக்குப் பொறகு ஒரு 'ஆனா' போட்டா. அத இப்ப சொல்ல மாட்டன், கதை குழம்பிரும்.

முதல்ல படத்தச் சொல்றன். இந்தா பாருங்க, மகள்ட இடுப்புல கட்டியிரிக்கிற கயிறு. வலையில மிதவை கட்டுற கயிறுதான். இதுல இந்தச் சின்னச் சின்னப் படமெல்லாம் ஒட்டியிரிக்கி. தண்ணி வேணுமெண்டா தண்ணிப் படத்தக் கழட்டி நம்மட கையில தரணும். நாம தண்ணி எண்டு சொல்லிட்டு உடன தண்ணி குடுக்கணும். படத்தக் காட்டினாக் காணாது, ஒரு ஆள்ட கையில கொண்டாந்து வெக்கணும். ஏனெண்டா கதை எண்டுறது ஒரு ஆள்லயிருந்து இன்னொரு ஆளுக்குப் போற சாமான் தானே? சுவருக்குச் சொன்னாக் கதையா? நானும் முதல்ல பயந்தன், படத்துலயே பழகினா வாயால கதைக்கிறது வராமலே போயிருமே எண்டு. மிஸ் இல்லையெண்டா. படம் வாயத் தடுக்கிறதில்லையாம், சில புள்ளைகளுக்குப் படத்துக்குப் பின்னாலேயே சொல்லும் வந்திரிக்காம். வந்தா வரட்டும், வராட்டி இதுவும் கதைதான்.

ஆனா நாங்க செஞ்ச கூத்தக் கேளுங்க. முதல்ல வெளிநாட்டுப் படம் எடுத்து ஒட்டினம். அதுல பஸ் மஞ்சள். மகள் ஏறின பஸ் எல்லாம் சிவப்பு. தண்ணி ஒரு நீட்டுக் கண்ணாடிக் கிளாசுல இரிக்கி, எங்கட ஊட்டுல எல்லாரும் குடிக்கிறது பச்சக் கோப்பையில. அவ அந்தப் படத்தெல்லாம் ஏறெடுத்தும் பாக்கல்ல. பொறகு மிஸ் சொன்னா, உங்கட ஊட்டுச் சாமானையே ஃபோட்டோ புடிங்க எண்டு. ரிஷாத்துக்கு வந்த சந்தோசம்! சோத்துப் படம் எடுக்கிறதுக்கு அண்டைக்குப் புடிச்ச பாரை மீன் பொரிச்சி, நல்ல பெரிய துண்டா சோத்துக்கு மேல வெச்சி, கலியாண ஃபோட்டோ மாதிரி எடுத்தார். மகள் அடுத்த நாளே அந்தப் படத்தக் கொண்டாந்து கையில வெச்சா. எங்களுக்குக் கண்ணு கலங்கிச்சி. சோறு போட்டுக் குடுத்தம், கீரி மீன் ஆணம் ஊத்தி. பாத்தா. தட்டோட வீசினா. திரும்ப அதே படம். திரும்பச் சோறு. திரும்ப வீச்சு. சுவரெல்லாம் ஆணம். அப்பத்தான் ரிஷாத்துக்கு வெளங்கிச்சி, புள்ள சோறு கேக்கல்ல, பாரை மீன் கேக்குது! மனிசன் சந்தோசத்துல சுவர் கழுவினார். என்ட மகளுக்கு மீன் தெரியும், படிச்சவனுக்கே தெரியாது எண்டு சொல்லிச் சொல்லிக் கழுவினார். இப்ப சோத்துப் படத்துல வெறுஞ் சோறு. ஒவ்வொரு மீனுக்கும் தனிப் படம், இந்தா பாருங்க, சாளை, கீரி, பாரை. எங்கட ஊட்டுல மட்டும்தான் இப்பிடி இரிக்கும்.

படம் எப்பிடி ஒட்டுது எண்டு பாக்குறீங்களா? சப்பாத்துல இழுத்தாக் கர்ர்ர் எண்டு கழருமே, அந்த ஒட்டு. எங்கட பக்கத்துல வெள்ளக்காரர் வந்து கடல்ல பட்டத்தக் கட்டி இழுபட்டு ஓடுறாங்களே, அவங்கட கிழிஞ்ச சாமானுல இரிந்து வெட்டி எடுத்தது. பொல்லாத ஒட்டு. எங்க இரிந்தாலும் அந்தக் கர்ர்ர் கேட்டா எனக்குத் தெரியும், என்ட மகள் கதைக்கப் போறா எண்டு. குசினியில கேட்டாலும் ஓடி வருவன். உங்களுக்கு உங்கட புள்ளைகள் முதல் முதல் உம்மா எண்டது நினைவிரிக்கா? எனக்கு அந்தக் கர்ர்ர் தான்.

இந்தப் படமா? அது அவவேதான். ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கொண்டு நிக்கிறா. சத்தம் வேணாம் எண்ட படம். முந்தி சத்தம் கூடினாக் கத்துவா, கைய எடுத்து நறுக்கெண்டு கடிப்பா, இந்தா தழும்பு. மிஸ் சொன்னா, புள்ள பொல்லாத்தனத்துக்குக் கடிக்கல்ல, சத்தம் காணும், போதும் எண்டு சொல்ல அவட்ட வேற வழி இல்ல, அந்த வழியக் குடுங்க, கடி தானாக் கொறையும் எண்டு. குடுத்தம். கொறஞ்சிச்சி. ஆனா ஒரு சட்டம் இரிக்கி ராத்தா. எந்தப் படத்தத் தந்தாலும், நமக்குப் புடிச்சாலும் புடிக்காட்டியும், கேட்டத உடன குடுக்கணும். கேட்டும் கிடைக்கல்ல எண்டா, பொறகு என்னத்துக்குக் கேக்குற எண்டு புள்ள கேக்கிறதையே விட்டிரும்.

அந்தச் சட்டத்தால நான் இழந்ததக் கேளுங்க. கற்பிட்டியில எங்கட சொந்தத்துல ஒரு கலியாணம். பொம்புளைகள்ட பக்கம் சோத்தோட சஹன் தட்டு வந்து நடுவுல வெச்சாச்சி, நாங்க ஆறு பேர் சுத்தி இரிந்தாச்சி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைய நீட்டுறன், பக்கத்துல கர்ர்ர்! காதுப் படம் என்ட கையில. அந்தா பெரிய ஸ்பீக்கருல பாட்டு. ஒரே சஹன்ல கூடித் திங்க இரிந்தவ நடுவுல எழும்பிப் போனா எவ்வளவு மரியாதைக் கேடு எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லியே. கோழி மணக்குது. இனிப்புக்கு வட்டிலாப்பம் தூரத்துல வருது, என்ட கண்ணாலயே கண்டன். எழும்பினன் ராத்தா. புள்ளையத் தூக்கிக்கொண்டு வெளிய வந்து வேப்ப மரத்தடியில இரிந்தன். கலியாண மாப்புள ஊட்டாக்கள் இன்னும் மொகம் பாத்துக் கதைக்கிறதில்ல. ஆனா புள்ள கத்தல்ல. கடிக்கல்ல. என்ட தோள்ல தலைய வெச்சிக்கொண்டு இரிந்தா. வட்டிலாப்பம் என்ன, இன்னொரு கலியாணம் வரும்தானே.

ஓம், அந்த 'ஆனா'. மறக்கல்ல. அதச் சொல்லத்தான் இவ்வளவும் சுத்தி வந்தன்.

மிஸ் சொன்னா, உங்கட கதையால புள்ளைக்கு ஓட்டிசம் வரல்ல. ஆனா புள்ள கேக்க முந்தி நீங்க குடுக்குறீங்க, புள்ள கைய எடுக்க முந்தி நீங்க சொல்லிர்றீங்க. அவட கண்ணு கொஞ்சம் அசஞ்சாலே நான் தண்ணியா மகள், பசிக்குதா மகள், ஜன்னலா மகள் எண்டு கேட்டு முடிச்சிருவன். பொறகு அவ என்னத்துக்குக் கேக்கிற? அதால பொறுங்க, காத்திரிங்க, வாயத் தொறக்காம கொஞ்சம் நேரம் புள்ளைக்கு இடம் குடுங்க எண்டா. நான்! வாயத் தொறக்காம! மிஸ், கடல வத்தச் சொல்லுங்க எண்டு கேட்டன். அப்ப மிஸ்ஸே ஒரு வழி சொன்னா, மனசுக்குள்ள ஏதாச்சும் ஒண்டு சொல்லிக்கொண்டு இரிங்க, நேரம் போயிரும் எண்டு. நான் குர்ஆன்ல உள்ள சின்னச் சூறா, குல்ஹு ஓதினன். அவ்வளவு நேரம் பொறுத்தாக் காணும், அழகா சரிவந்திச்சி. ஓதி முடிய, படம் கையில. ஓதி முடிய, படம் கையில. மாஷா அல்லாஹ், ஓதின பரக்கத் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்.

மிஸ் ஒருநாள் எங்கள ஃபோனுல வீடியோ புடிச்சி, திருப்பிப் போட்டுக் காட்டினா. நல்லாப் பாருங்க, உங்கட வாயப் பாருங்க எண்டா. பாத்தா, மனசுக்குள்ள ஓதுறதா நினைச்சிக்கொண்டு நான் உதட்ட அசைச்சி அசைச்சி ஓதுறன். மகள் படத்தக் கையில வெச்சிக்கொண்டு என்ட உதட்டையே பாத்திட்டு இரிக்கிறா. கடைசிச் சொல்லு, குஃபுவன் அஹத் எண்டு உதடு நிண்ட உடன, டக்கெண்டு படத்தத் தாறா! சூறா முடிஞ்சாத்தான் கேக்கலாம் எண்டு புள்ள விளங்கி வெச்சிரிக்கா! மிஸ் சிரிச்சிச் சிரிச்சி கதிரையில இரிந்து வழுகப் பாத்தா. நானும் சிரிச்சன், ரிஷாத் சுவருல சாஞ்சி சிரிச்சார். ஆனா விசயம் சிரிப்பில்ல ராத்தா. என்ட உதட்டப் பாக்காம அவக்குக் கதைக்க வராது எண்டா, நான் இல்லாத இடத்துல அவ என்ன செய்வா?

அந்தப் பயம்தான் எனக்குப் பெரிய பயம். மத்ததெல்லாம் பகிடி. ரிஷாத்ட்டயும் என்ட்டயும் மட்டும்தான் படம் தருவா. மிஸ்ட்ட கூட நான் பக்கத்துல இரிந்து தலையாட்டினாத்தான். ஊருப் பள்ளிக்கூடத்துல நஸ்ஹா டீச்சர், ஒண்டாம் வகுப்பு. நல்ல மனிசி, வேணாமெண்டு சொல்ற ஆள் இல்ல. மிஸ் சொல்றா, பள்ளிக்கூடத்துல சேர்றது புள்ளட உரிமை, இதுக்குச் சோதனை ஒண்டும் தேவையில்ல எண்டு. அது சரிதான். ஆனா டீச்சர் என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா, றிஸ்னா, வகுப்பு நெறையப் புள்ளைகள், நீ ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்துல இரிக்க ஏலாது. தண்ணி வேணும், வயித்துவலி, சத்தம் கூடிச்சி, என்னமோ ஒண்டு, உன்னையப் பாக்காம வேற ஒரு ஆள்ட்ட அவவா ஒருக்கா கேக்கட்டும், ஒரே ஒருக்கா, அப்ப எனக்கும் தைரியம் வரும் எண்டு. நாளைக்கு அவவுக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்ற? இன்னும் இல்ல டீச்சர் எண்டா? எல்லாப் புள்ளையும் வெள்ளச் சட்டை போட்டுக்கொண்டு போகக்குள்ள என்ட புள்ள வேலியப் புடிச்சிட்டு நிக்கிறதா? சட்டை தச்சும் வெச்சாச்சி. அத மறைச்சி அலுமாரிக்குள்ள வெச்சிரிக்கன், ரிஷாத்துக்கே தெரியாது.

இது எங்க, நுரைச்சோலை தாண்டிட்டமா? ஓ, தாண்டிட்டம். ராத்தா, அந்த முட்டைப் பைய என்ட்ட தாங்க. சும்மா தாங்க, நான் பத்திரமா வெச்சிரிக்கன். உங்கட கை கொஞ்சம் ஓய்வா இரிக்கட்டும். கைய மடியில வைங்க, ஓம், அப்பிடியே விரிச்சு வைங்க.

இப்ப கொஞ்ச நேரத்துல காத்தாடி வரும். கரண்ட் எடுக்கிறதுக்கு நட்டிரிக்காங்களே, கடல் பக்கமா வெள்ள வெள்ளயா, அந்தப் பெரிய காத்தாடிகள். அதுக்காகத்தான் மகள் எட்டி எட்டிப் பாக்குறா. ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஜன்னல் பக்கம் இரிந்து, மூக்கக் கண்ணாடியில வெச்சிக்கொண்டு, கடைசிக் காத்தாடி மறையுமட்டும் பாப்பா. ஓம், அவட கயித்துல காத்தாடிப் படமும் இரிக்கி, அந்தா மூண்டாவது. இல்ல, எழும்பாதீங்க! உங்கள நல்ல மனிசி எண்டு கண்ட உடனயே தெரிஞ்சிச்சி, ஆனா இப்ப எழும்பிடாதீங்க.

உண்மையச் சொல்லவா? பின்னால பாருங்க, மூண்டு பேர் இரிக்கிற சீட் முழுசாக் காலி, ஜன்னலோட. ஏறக்குள்ளயே கண்டன். வேணுமெண்டுதான் உங்கட பக்கத்துல வந்து இரிந்தன். மகளுக்கு வேண்டிய சாமான் உங்கட்ட இரிக்கணும், என்ட்ட இரிக்கப் படாது. அவ உங்கட்ட கேக்கணும். மிஸ் சொல்லித் தந்த வேலைதான், ஊட்டுக்குள்ள பழகினத வெளிய, புது ஆளோட, அவக்கு ஆசையான சாமான வெச்சே செஞ்சு பாக்கச் சொன்னா. எனக்கு உள்ள வேலை ஒண்டே ஒண்டு: நான் கேக்கப் படாது, தலையாட்டப் படாது, உதட்ட அசைச்சி ஓதவும் படாது. சும்மா இரிக்க என்னால ஏலுமா ராத்தா? சும்மா இரிந்தா வாய் தானாவே ஜன்னலா மகள் எண்டு கேட்டிருமே! அதான் கற்பிட்டியில இரிந்து உங்கட காதத் திங்கிறன். என்ட வாய்க்கு ஒரு வேலை குடுத்து வெச்சிரிக்கன், அது அவட பக்கம் போகாம. என்னைய மன்னிச்சிருங்க. நீங்களும் பாவம், ஒண்டும் சொல்லாமக் கேட்டுக்கொண்டு வந்தீங்க.

அந்தா, அந்தா, முதல் காத்தாடி தெரியிது. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டன். கண்டக்டரப் பாக்குறன். கண்டக்டர் தம்பிட சட்டை நல்ல நிறம், என்ன ராத்தா, இங்கிலீசுல என்னமோ எழுதியிரிக்கி, எனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களும் என்னையப் பாக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறன், என்ட மொகத்தப் பாக்காதீங்க, மகளப் பாருங்க. அவட கை எங்க? கயித்துலயா? சொல்ல வேணாம், சொல்ல வேணாம். யா அல்லாஹ். இந்தப் பஸ்ஸுல எத்தினை ஆணி கழண்டிரிக்கி, அதப் பாப்பம்...

கர்ர்ர்.

கேட்டிச்சா? கேட்டிச்சா ராத்தா? கைய நீட்டுங்க. நீட்டித்தானே இரிக்கி, அப்பிடியே வெச்சிருங்க. வெச்சிட்டாளா? உங்கட கையிலயா? என்ட கையில இல்ல, உங்கட கையில? அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்! காத்தாடி எண்டு சொல்லுங்க ராத்தா, சொல்லிட்டு எழும்பி எடம் குடுங்க, உடன குடுக்கணும், சட்டம்...

என்ன? காத்தாடி இல்லியா?

காட்டுங்க. காதுப் படமா? சத்தம் வேணாமா? என்ன சத்தம்? பாட்டும் இல்ல, ஹோனும் இல்ல, முழு பஸ்ஸும் அமைதியாத்தானே... ஆருட சத்...

அய்யோ அல்லாஹ்வே.

சிரிக்காதீங்க ராத்தா, நீங்க சிரிச்சா நான் அழுதிருவன். அழுதிட்டன். கேட்டுட்டா. ஆரெண்டே தெரியாத மனிசிட்ட, என்ட மொகத்தக் கூடப் பாக்காம, என்னைய நிப்பாட்டச் சொல்லிக் கேட்டுட்டா என்ட தங்கம்! நாளைக்கு நஸ்ஹா டீச்சர்ட்ட போய் நான் என்னெண்டு சொல்லுவன், புள்ள முதல் முதல் கேட்டது...

சரி மகள். சரி, சரி. கேட்டத உடன குடுக்கணும்.

இந்தா, மூடிட்டன்.